ரேம் நுழைந்தால் போதுமா? போர்டைப் பார்த்து மெமரி வாங்குவோம்



நம் கூட்டமைப்பு அலுவலகங்களில் இன்று கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு நாளும் நகர்வதில்லை. குழுக்களின் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை, தணிக்கைக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. சில ஊர்களில் நம் உறுப்பினர்களே கடன் வாங்கி ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர் என்று நடத்துகிறார்கள். இந்த இடங்களில் இருக்கும் பல கம்ப்யூட்டர்கள் கம்பெனியில் இருந்து முழுசாக வந்தவை அல்ல. டவுனில் போர்டு, பிராசசர், மெமரி, பெட்டி என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டியவை. இதைத்தான் "அசெம்பிள் செட்" என்கிறோம்.

அசெம்பிள் செட்டில் ஒரு நன்மை உண்டு. ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு தொந்தரவும் உண்டு. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பணம் கொடுத்தும் பெட்டி ஓடாது. அதிகமாகச் சிக்கல் வருவது மதர்போர்டுக்கும் ரேம் என்கிற மெமரிக்கும் இடையில்தான். அதனால் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கு எதுக்கு?" என்று நினைக்க வேண்டாம். செலவாகப் போவது நம் பொதுப் பணம். அது எதற்குப் போகிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரேம் என்றால் என்ன?

நம் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, மளிகை எல்லாம் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. அதுதான் ஹார்டு டிஸ்க். சமைக்கும்போது வேண்டியதை எடுத்து மேடையில் பரப்பி வைக்கிறோம். அந்த மேடைதான் ரேம். மேடை சின்னதாக இருந்தால் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க முடியும். அதனால்தான் ரேம் குறைவாக உள்ள கம்ப்யூட்டர் திணறுகிறது. அடுப்பை அணைத்து மேடையைத் துடைத்த மாதிரி, கரண்ட் போனால் ரேமில் இருப்பது அழிந்துவிடும். ஸ்டோர் ரூமில் இருப்பது அப்படியே இருக்கும்.

மதர்போர்டு என்பது எல்லாப் பாகங்களும் உட்காரும் பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகை. அதில் நீளமான பள்ளங்கள் இரண்டோ நான்கோ இருக்கும். அவைதான் ரேம் உட்காரும் ஸ்லாட்டுகள்.

முதலில் தலைமுறை பார்க்க வேண்டும்

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது உடனே புரியும். வீட்டு மெஷின் ஊசிக்கு மேல் பாகம் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பவர் மெஷின் ஊசிக்கு உருண்டையாக இருக்கும். இரண்டும் ஊசிதான், ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. ரேமும் அப்படித்தான். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெயர் உண்டு.

டி.டி.ஆர்.2: 240 கால்கள், 1.8 வோல்ட்.
டி.டி.ஆர்.3: 2007-ல் வந்தது. 240 கால்கள், 1.5 வோல்ட். இதிலேயே 'எல்' என்ற எழுத்துள்ள வகை 1.35 வோல்ட்டில் ஓடும்.
டி.டி.ஆர்.4: 2014-ல் கடைக்கு வந்தது. 288 கால்கள், 1.2 வோல்ட்.
டி.டி.ஆர்.5: 2020-ல் இதற்கான விதிமுறை வெளியானது. 288 கால்கள், 1.1 வோல்ட்.

2-க்கும் 3-க்கும் கால்களின் எண்ணிக்கை ஒன்றுதான். 4-க்கும் 5-க்கும் அப்படியே. அப்படியானால் மாற்றிப் போடலாமா? கூடாது. ரேமின் அடிப்பகுதியில், தங்க நிறப் பற்களுக்கு நடுவே ஒரு வெட்டு இருக்கும். ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு சின்ன மேடு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை இந்த வெட்டு இடம் மாறும். தவறான ரேமை வைத்தால் மேடு இடித்து உள்ளே இறங்காது. இடித்தால் அழுத்தாதீர்கள். அழுத்தினால் ஸ்லாட் உடையும். ரேமுக்குப் பதிலாக போர்டே போய்விடும்.

லேப்டாப் ரேம் நீளத்தில் பாதிதான் இருக்கும். பொதுவாக அது அசெம்பிள் பெட்டியில் உட்காராது.

இன்னொன்றும் கவனியுங்கள். இன்டெல் கம்பெனியின் 12, 13, 14-வது தலைமுறை பிராசசருக்கு வரும் போர்டுகளில் சில டி.டி.ஆர்.4 கேட்கும், சில டி.டி.ஆர்.5 கேட்கும். பிராசசர் பெயரை மட்டும் சொல்லி ரேம் வாங்கினால் மாறிப்போகும். போர்டின் முழுப் பெயர் வேண்டும்.

நுழைந்துவிட்டது, இனி கவலை இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. வெட்டு சரியாக இருந்து, ரேம் அழகாக உட்கார்ந்தாலும் இன்னும் நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்.

1. அளவு. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. உதாரணமாக இன்டெல் ஹெச்61 வகைப் போர்டுகள் நம் பக்கம் இன்னும் நிறைய ஓடுகின்றன. பொதுவாக இவற்றில் இரண்டு ஸ்லாட், டி.டி.ஆர்.3, மொத்தம் 16 ஜி.பி. வரை ஏற்கும். அதாவது ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜி.பி. அதற்கு மேல் போட்டால் எடுக்காது.

2. வேகம். ரேமில் 1333, 1600, 2666, 3200 என்று எண்கள் இருக்கும். வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் இரண்டும் மெதுவானதின் வேகத்துக்கே இறங்கி ஓடும். காளையும் கன்றும் பூட்டிய வண்டி கன்றின் நடைக்குத்தான் போகும். பிராசசரும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஹெச்61 போர்டில் இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசசர் இருந்தால் 1600 ரேமும் 1333 வேகத்தில்தான் ஓடும். அது பழுது அல்ல.

3. வகை. பெரிய கம்பெனிகளில் இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டர்களுக்குத் தனி ரேம் உண்டு. பழைய சர்வர்களில் இருந்து கழற்றி மலிவாக விற்கிறார்கள். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 சர்வர் ரேம்களுக்கு வெட்டும் ஒன்று, கால்களும் ஒன்று. நம் ஸ்லாட்டில் நன்றாக உட்காரும், ஆனால் சாதாரண போர்டில் ஓடாது. ஏமாற்றம் அதிகம் நடப்பது இதில்தான்.

4. விண்டோஸ். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 8 ஜி.பி. ரேம் போட்டாலும் 4 ஜி.பி.க்குள்தான் பயன்படும். "8 போட்டேன், 3 சொச்சம்தான் காட்டுது, கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று சண்டைக்குப் போகும் முன், விண்டோஸ் 64 பிட்டா என்று பாருங்கள்.

ஒரு கூட்டமைப்பில் நடந்தது

நாங்கள் களப்பணிக்குப் போகும் ஊராட்சிகளில் ஒன்றில் கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டர் ஹெச்61 போர்டு போட்ட அசெம்பிள் செட். ஒரே ஒரு 4 ஜி.பி. ரேம். இரண்டு வேலை ஒன்றாகத் திறந்தால் நின்றுவிடும். செயற்குழுவில் தீர்மானம் போட்டு 8 ஜி.பி. ரேம் வாங்க ரூ.1,600 ஒதுக்கினார்கள். கணக்காளர் பெண்தான் டவுனுக்குப் போய் வாங்கிவந்து, அலுவலகத்தில் பூட்டியதும் அவர்தான்.

ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. உள்ளே இருந்து "பீப், பீப்" என்று சத்தம். கடைக்காரரிடம் போனில் கேட்டால், "போர்டு போயிருக்கும்மா. போர்டு, பிராசசர் எல்லாம் மாத்தணும், ஏழாயிரம் ஆகும்" என்றாராம். அடுத்த கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "தெரியாம எதுக்கு கையை வச்சே? உன் மதிப்பூதியத்துல பிடிச்சுக்க வேண்டியதுதான்" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் போனபோது தலைவி அக்கா கேட்டது ஒன்றுதான்: "போர்டு போச்சா இல்லையான்னு நாமே பாக்க முடியுமா?"

முடியும். ஐந்து பேர் சுற்றி நிற்க, கணக்காளரையே செய்யச் சொன்னோம்.

முதலில் புது ரேமை எடுத்துவிட்டு, பழைய 4 ஜி.பி.யை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டோம். கம்ப்யூட்டர் ஓடியது. அப்படியானால் போர்டு சாகவில்லை. பழையதையே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டோம். ஓடியது. அப்படியானால் இரண்டு ஸ்லாட்டும் நல்லது. புது ரேமைத் தனியாக முதல் ஸ்லாட்டில் போட்டோம். பீப் சத்தம். இரண்டாவதில் போட்டோம். அதே சத்தம். அப்படியானால் தவறு புது ரேமில்தான்.

ஆனால் அது கெட்டுப்போன ரேமா, பொருந்தாத ரேமா? ஸ்டிக்கரைப் படித்தோம். "பி.சி.3-12800" என்று இருந்தது, கடைசியில் ஆங்கில எழுத்து 'ஆர்'. நம் கம்ப்யூட்டருக்கு அந்த இடத்தில் 'யூ' இருக்க வேண்டும். 'ஆர்' என்றால் சர்வர் ரேம். பழையதில் ஒரு பக்கத்தில் 8 கறுப்புச் சில்லுகள். புதியதில் எண்ணினால் ஒரு வரிசையில் 9, நடுவில் தனியாக இன்னொரு சில்லு. அதுவும் சர்வர் ரேமின் அடையாளம்தான்.

அதாவது போர்டும் போகவில்லை, கணக்காளர் கை வைத்ததால் எதுவும் கெடவும் இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு மூன்று பேர் கடைக்குப் போனார்கள். ஸ்டிக்கரைக் காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் 'யூ' எழுத்துள்ள 8 ஜி.பி. ரேமை மாற்றிக் கொடுத்தார். இப்போது 4-ம் 8-ம் சேர்ந்து 12 ஜி.பி. ஓடுகிறது. ஏழாயிரம் மிச்சம். அதைவிட முக்கியம், கூட்டத்தில் பழி சொன்னவர்களே அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்து, தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதினார்கள்.

இதில் நாம் கற்க வேண்டியது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும், குழுக் கணக்கில் வித்தியாசம் தேடுவதற்கும் பொருந்தும்.

புது ரேம் போட்டு ஓடவில்லையா? படிப்படியாகச் செய்யுங்கள்

படி 1. கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருக்கும்போதே கணக்குகளை பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். ரேம் போடும் முன்பே இதைச் செய்வது நல்லது.

படி 2. கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடியும்.

படி 3. உலோக வளையல், மோதிரம் கழற்றுங்கள். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். கை ஈரமாக இருக்கக் கூடாது. சிந்தெட்டிக் சேலை உரசினால் உடம்பில் நிலை மின்சாரம் சேரும். அது ரேமைக் கெடுக்கலாம். அதனால் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுத்தான் ரேமைத் தொட வேண்டும். ரேமை ஓரத்தில் பிடியுங்கள், பற்களில் விரல் படக் கூடாது.

படி 4. ஸ்லாட்டின் ஓரக் கொக்கியை விலக்கி ரேமை எடுங்கள். தங்கப் பற்கள் மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடையுங்கள். ரப்பர் தூளைத் தட்டிவிடுங்கள். உப்புத்தாள், தண்ணீர் வேண்டாம். ஸ்லாட் தூசியைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும்.

படி 5. வெட்டும் மேடும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். கொக்கி "டக்" என்று தானாக மூட வேண்டும். பல சமயம் ஒரு முனை அரைகுறையாக நிற்பதுதான் பிரச்சினையே.

படி 6. ஒரே ஒரு ரேமைப் போட்டு ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பாருங்கள். பிறகு அடுத்த ரேம். முடிவைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதானால், பெரும்பாலும் பிராசசர் பக்கத்தில் இருந்து எண்ணி 2-வதும் 4-வதும்தான் சரியான இடம்.

படி 7. அப்படியும் இல்லையென்றால் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை (சி.ஆர்.2032) எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். போர்டு தன் பழைய அமைப்புகளை மறந்து புதிதாகப் பார்க்கும். அதன் பிறகு தேதி, நேரம் மாறியிருக்கும். சரிசெய்யாமல் வவுச்சர் போடாதீர்கள்.

படி 8. புதிய டி.டி.ஆர்.5 போர்டில் முதல் முறை திரை வரச் சில நிமிடம் ஆகலாம். ரேமைப் பழகிக்கொள்ள போர்டு எடுக்கும் நேரம் அது. பயந்து அணைத்துவிடாமல் பொறுத்திருங்கள்.

படி 9. ஓடுகிறது, ஆனால் இடையில் நின்றுபோகிறது அல்லது நீலத்திரை வருகிறது என்றால் விண்டோஸ் தேடல் கட்டத்தில் "மெமரி டயக்னாஸ்டிக்" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கம்ப்யூட்டர் மறுபடி துவங்கித் தானே ரேமைச் சோதித்துச் சொல்லும். கெட்ட ரேமோடு கணக்கு எழுதினால் பதிவே பழுதாகலாம். அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பீப் சத்தம் போர்டுக்குப் போர்டு மாறும். பெட்டியில் சின்ன ஸ்பீக்கர் இல்லாவிட்டால் சத்தமே வராது. சத்தம் இல்லை என்பதால் ரேம் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

வாங்கும் முன்

போர்டின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் தேடலில் "சிஸ்டம் இன்பர்மேஷன்" என்று தட்டினால் "பேஸ்போர்டு" என்ற வரிகளில் இருக்கும். போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சடித்தும் இருக்கும். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் எந்த ரேம் எவ்வளவு ஏற்கும் என்று போட்டிருப்பார்கள். எத்தனை ஸ்லாட் காலி என்பதை, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் பார்க்கலாம்.

பிறகு தீர்மானத்தில் "ரேம் வாங்க" என்று மட்டும் எழுதாமல் இப்படி எழுதுங்கள்: "இந்தப் போர்டுக்கு, டி.டி.ஆர்.3, 8 ஜி.பி., 1600 வேகம், 'யூ' வகை, ஒன்று. பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்க வேண்டும்." இதையே மூன்று கடையில் கொடுத்து விலைப்புள்ளி வாங்குங்கள். முடிந்தால் பழைய ரேமையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் இல்லாவிட்டால் புகார் நிற்பது கஷ்டம்.

கடைசியாக ஒரு யோசனை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது. டி.டி.ஆர்.3 காலத்துப் பெட்டிகள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. அதனால் பழைய பெட்டிக்கு ஆயிரம், இரண்டாயிரம் செலவு செய்து ஓட்டுவது ஒரு கணக்கு. புது போர்டு, புது ரேம் என்று அதே பெட்டியில் ஏழாயிரம், எட்டாயிரம் போடுவது வேறு கணக்கு. இரண்டாவதற்கு முன் செயற்குழுவில் உட்கார்ந்து பேசுங்கள். வங்கி விவரம் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பும் முக்கியம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் அலுவலகக் கம்ப்யூட்டரின் போர்டு பெயர் என்ன? ரேம் எந்தத் தலைமுறை, எவ்வளவு? இருப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோமா?

2. கடைசியாகச் செய்த ரிப்பேருக்கு பில் இருக்கிறதா? என்ன பாகம் மாற்றினார்கள் என்று அதில் இருக்கிறதா?

3. கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவர் மட்டும் என்றால் இன்னும் இரண்டு பேருக்கு எப்போது சொல்லிக்கொடுப்போம்?

4. ஒரு பொருள் ஓடாமல் போனால் முதலில் ஆளைத் தேடுகிறோமா, காரணத்தைத் தேடுகிறோமா?

இந்த நான்கு கேள்விக்கும் கிடைத்த பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை நாங்கள் வரும்போது, பிளக்கைக் கழற்றிவிட்டு உங்கள் பெட்டியையே திறந்து எல்லோரும் சேர்ந்து ஸ்டிக்கரைப் படிப்போம்.